ஓட்டை இல்லாத டோர் போட்

ஓர்ஸ் ஹில், திருகோணமலை
14.01.2024

அன்புள்ள றுவைஸ் நானாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நானும் மகள் ஸல்ஹாவும் சுகம். நீங்க, ஸஹ்ரா மச்சி, பிள்ளையள் எல்லாரும் மூதூரில சுகமா இருக்க துஆ.

போன் இருக்கிற காலத்தில என்னத்துக்கு இவள் கடுதாசி எழுதுறாள் எண்டு யோசிப்பீங்க. என்ட போன் பழுதெண்டு இவர் ரிப்பெயாருக்குக் குடுத்தவர். போன பெருநாளைக்குக் குடுத்தது. புதுசாவே செய்யிறாங்க போல. கடிதம் எழுதலாமாம். எழுதினதை ஒருக்கா வாசிச்சுப் பாத்திட்டு அவரே தபாலில போடுவார். நீங்க எழுதுறதையும் அவர்தான் முதல்ல பிரிப்பார். அதால எழுத்துப் பிழை விடாம எழுதுங்க.

விசயம் இதுதான். மாமா மௌத்தான பிறகு அவர்ட பழைய மொறிஸ் மைனர் கராஜுக்குள்ள கிடந்ததே, அதை இவர் எஞ்சின் செய்து ஓட்டுறார். வெளியால பெயின்ட் எல்லாம் பளபளப்புத்தான். உள்ளுக்குக் கதவுகள் சரியான கேவலம். துறைமுகக் காத்துக்கு ஹாட்போட் ஊறி, தேத்தண்ணியில விழுந்த விசுக்கோத்து மாதிரி உப்பிப் போச்சு. றெக்சின் உரிஞ்சு என்ட அபாயாவில ஒட்டுது. கார் ஒரு குழியில விழுந்தா நாலு கதவும் சேர்ந்து கை தட்டுது. நீங்க ஆட்டோ சீட், வான் சீட் அடிக்கிற ஆள்தானே, கதவுக்கு உள்பக்கம் மூடுற டோர் போட் நாலும் புதுசா அடிச்சுத் தர ஏலுமா எண்டு கேக்கச் சொன்னவர்.

நான் வெளியில போறதெண்டா இப்ப அந்தக் காரில மட்டும்தான். வியாழக்கிழமையில சந்தைக்குப் போறம். அவர் இறங்கி மீன் வாங்குவார். நானும் பிள்ளையும் காருக்குள்ள. பஸ் ஸ்டாண்ட் கிட்டத்தான். "மூதூர், மூதூர்" எண்டு கொண்டக்டர் கத்துறது கண்ணாடி இடுக்கால நல்லாக் கேக்கும்.

என்ட வீட்டு முத்தத்து மாதுளை காய்ச்சதா?

மச்சிக்கு ஸலாம். வஸ்ஸலாம்.
உங்கட தங்கச்சி றுமானா


மூதூர்
28.01.2024

அன்புத் தங்கச்சி றுமானாவுக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம். அல்ஹம்துலில்லாஹ், இஞ்ச எல்லாரும் சுகம். சின்னவனுக்கு மட்டும் மூக்கு ஒழுகுது.

மொறிஸ் மைனரா! என்ட கையால ஒண்டுக்கும் அடிச்சதில்லை. சந்தோசமாச் செய்து தாறன் எண்டு ஸஜ்ஜாத் மச்சானுக்குச் சொல்லு. பழைய போட்டை மெதுவாக் கழட்டி, பிறவுண் பேப்பருக்கு மேல வச்சுச் சுத்திவரக் கோடு கீறு. ஓட்டையெல்லாம் கட்டாயம் அடையாளம் போடு. உள் கைபிடிக்கு ஒண்டு, கண்ணாடி சுழட்டிக்கு ஒண்டு, ஓரத்தால கிளிப்புகளுக்கு. ஓட்டை பிழைச்சா போட் குப்பைக்குத்தான்.

மாதுளை காய்ச்சது. அணில் முந்திட்டுது. வீட்டைப் பத்திக் கவலைப்படாத. மச்சானோட நீ டவுனுக்குப் போன பிறகு நாங்க வந்து இருக்காட்டி அது எப்பவோ பாழாகியிருக்கும். ஸஹ்ராட கிண்ணியா வீட்டுக்கு இன்னும் கூரை முடியல்ல. நம்மட பக்கத்தில மாப்பிள பொம்பிள வீட்டதானே இருக்கிறது, நீ தங்கச்சிட சீதன வீட்டில இருக்கிறாய் எண்டு சனம் பகிடி பண்ணுது. பண்ணட்டும்.

பிள்ளைக்கு என்ட முத்தம்.
நானா றுவைஸ்


ஓர்ஸ் ஹில்
11.02.2024

அன்புள்ள நானாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். சின்னவன்ட மூக்கு இப்ப சுகமா? இஞ்ச எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. தடிமன் கூட வாறதில்லை, வெளியில போனாத்தானே வரும்.

பேப்பர் அச்சு நாலும் இதோட வருது. நான்தான் கீறினனான், இவர் பக்கத்தில நிண்டவர். வலப்பக்க முன்கதவு அவர் ஓட்டுற பக்கம். அதில பிடிக்கும் சுழட்டிக்கும் ஓட்டை இருக்கு. மற்ற மூண்டிலயும் ஓட்டை வேணாம். நான் மறந்து போனதில்லை, நானா. வேணாமாம். பிடியெல்லாம் ஏற்கெனவே கழட்டியாச்சு. நான் இருக்கிற இடப்பக்கக் கதவு மட்டமா, துடைச்சுவிட்ட பலகை மாதிரி வரவேணுமாம். அழகாத்தான் இருக்கும்.

குசினிக் கதவில இப்பவும் அந்த மீன்வலைத் தங்கூசி நூல் கிடக்கா? வாப்பா உள்ளுக்குக் கொளுக்கியைப் போட்டிட்டுப் படுத்த பிறகு, நீங்க பந்தடிச்சுப் போட்டு வந்து, தண்ணித் தாங்கிக்குப் பின்னால தொங்கின தங்கூசியை இழுத்துக் கொளுக்கியைத் தூக்கித்தானே உள்ள வாறனீங்க. உம்மா கட்டிவிட்டது. வாப்பாக்குக் கடைசி வரைக்கும் தெரியாது. பிறகு உம்மா மூடி வச்ச சோத்தைத் தின்னுவீங்க, நான் உங்கட மீன் துண்டில பாதி கேப்பன். மச்சி இப்பவும் சூடைமீனுக்குப் புளி கூடப் போடுறாவா? கூடினா பச்சைமிளகாய் ரெண்டு கீறிப் போடச் சொல்லுங்க.

எல்லாருக்கும் ஸலாம்.
றுமானா


ஓர்ஸ் ஹில்
18.02.2024

மதிப்புக்குரிய மச்சான் றுவைஸ் அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். தங்கள் நலமறிய ஆவல்.

டோர் போட் வேலையை ஏற்றுக்கொண்டமைக்கு நன்றி. அச்சுகள் கிடைத்திருக்கும். மூன்று கதவுகளுக்குக் கைபிடி ஓட்டை ஏன் இல்லை என்று யோசிப்பீர்கள். பிள்ளை துருதுருப்பு. ஓடும் காரில் கதவைத் திறந்துவிடுவாள். பாதுகாப்புத்தான் முக்கியம். ஆகவே அச்சில் உள்ளபடியே செய்யவும்.

இன்னொன்று. கடிதத்தில் வேலை விசயத்தை மட்டும் எழுதினால் நல்லது. றுமானா அரைவாசிப் பக்கம் குசினிக் கதை எழுதுகிறாள். மீனுக்குப் புளி கூடவா குறையவா என்பதையெல்லாம் வாசிக்கக் கந்தோர் விட்டு வரும் ஒரு மனுசனுக்கு நேரம் கிடையாது. குசினிக் கதை தொடங்கும் இடத்தில் நான் மடித்துவிடுவேன். அவளிடமும் சொல்லியிருக்கிறேன்.

நீங்கள் சிரமப்பட்டு இங்கு வரவேண்டாம். வேலை முடிந்ததும் அறிவித்தால் போதும்.

இப்படிக்கு,
ஸஜ்ஜாத்


ஓர்ஸ் ஹில்
17.03.2024

அன்புள்ள நானாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். எல்லாருக்கும் நோன்பு லேசா இருக்க அல்லாஹ் அருள் செய்யட்டும். றெக்சின் கடும்பச்சை நிறத்தில எடுக்கட்டாம். கிளிப் துருப்பிடிக்காத சாமானா இருக்கட்டாம். கார் விசயம் அவ்வளவுதான்.

இனிக் குசினிக் கதை. மச்சி, நோன்புக் கஞ்சி தண்ணியாப் போகுதெண்டு முந்தி ஒருக்காச் சொன்னீங்க. அரிசியை அரைக்குருணலா உடைச்சுப் போடுங்க. பயறை வறுக்காமப் போட வேணாம். இஞ்சி, உள்ளி தட்டி, ரம்பை இலை ரெண்டு துண்டு. தேங்காய்ப்பால் கடைசியில. அடிப்பிடிக்காமக் கிண்டிக்கொண்டே இருங்க.

நானா, இதுவரைக்கும் அவர் வாசிக்க மாட்டார். இனி நான் சொல்லுறதைக் கேளுங்க.

பிள்ளைக்காகப் பிடியைக் கழட்டல்ல. போன மார்கழியில சந்தையடியில அவர் மீன் வாங்கப் போன நேரம், நான் கதவைத் திறந்து பிள்ளையோட இறங்கினனான். மூதூர் பஸ்ஸில ஒரு கால் வச்சிட்டன். மற்றக் காலை வைக்கிறதுக்கிடையில பின்னால வந்து கையைப் பிடிச்சிட்டார். சிரிச்ச முகம். "இவ பஸ் மாறி ஏறிட்டா" எண்டு கொண்டக்டருக்குச் சொன்னவர். அண்டைக்கே பிடி, சுழட்டி எல்லாம் கழண்டிட்டுது. அவர்ட பக்கக் கதவை வெளியில இருந்து திறப்பால பூட்டுவார், பிறகு உள்பிடியாலயும் திறக்க ஏலாது. காத்து வரட்டுமெண்டு கண்ணாடி நாலு விரல் இறக்கியிருக்கும். வீட்டில கேற்றுக்குப் பூட்டு. மாமி வாசல்லயே கதிரையைப் போட்டு இருக்கிறா. கந்தோர் போகக்குள்ள ஸலாம் சொல்லி, பிள்ளையக் கொஞ்சி, வெளியால பூட்டிட்டுப் போறார். அடிக்கிறதில்லை, நானா. அடிச்சாலாவது ஆருக்கும் காட்ட ஒரு காயம் இருக்கும்.

என்ட வீட்டுக்கு வரவேணும். என்னைக் கூட்டிக்கொண்டு போங்க.

மச்சி, கஞ்சிக்கு உப்பு இறக்கக்குள்ளதான் பாக்க வேணும். எலும்பு போட்டா இன்னும் ருசி.

துஆவில என்னையும் சேருங்க.
றுமானா


மூதூர்
25.05.2024

அன்புத் தங்கச்சிக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம். நோன்பும் போய், பெருநாளும் போய், இப்பதான் பதில் எழுதுறன். கோவிக்காத. சுகம் விசாரிக்கவும் முகமில்லை. கடும்பச்சை றெக்சின் கொழும்பில இருந்து வரப் பிந்திட்டுது. ஹாட்போட் வெட்டியாச்சு. உப்புக்காத்து ஏறாம இருக்கப் பின்பக்கத்துக்கு வார்னிஷ் ரெண்டு தரம் அடிச்சு, பொலித்தீனும் ஒட்டப் போறன்.

குசினிக் கதை. உன்ட கஞ்சி விசயம் வாசிச்சனான். வாசிச்ச நாள் தொடக்கம் எனக்கும் ஒண்டும் இறங்குதில்லை. ஸஹ்ராவுக்கு இன்னும் வாசிச்சுக் காட்டல்ல. கொஞ்சம் பொறுத்துச் சபூர் செய், புள்ள. மச்சான் படிச்ச மனுசன், போகப் போக மாறுவார். இஞ்சயும் உடனே எண்டா இடம் காணாது. கிண்ணியாக் கூரை வேலை இழுபட்டுக்கொண்டு கிடக்கு. ஹஜ்ஜுப் பெருநாள் போகட்டும், யோசிப்பம்.

மாதுளையில இந்தமுறை ரெண்டு பழம் அணிலுக்குத் தப்பிட்டுது.

நானா


ஓர்ஸ் ஹில்
02.06.2024

நானாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். கார் விசயம் ஒண்டும் இல்லை. குசினிக் கதை மட்டும்தான். பருப்புக்கு மஞ்சள் கூடினாக் கசக்கும். தேங்காய்ப்பூ அரைக்காமப் போட்டாத் திரிதிரியா நிக்கும்.

சபூர் எண்டு மாமி சொல்லுறா. சபூர் எண்டு பள்ளியில சொல்லுறாங்களாம். நீங்களும் சொன்னா நான் ஆருட்டப் போறது? இடம் காணாதாம். ஆர்ட வீட்டில ஆருக்கு இடம் காணாது? வாப்பா பொம்பிளப் பிள்ளைக்கெண்டு கட்டின வீடு அது. நான் உங்களை எழும்பச் சொல்லல்ல. ஒரு அறை கேக்கல்ல. உங்கட தையல் மெசினுக்குப் பக்கத்தில ஒரு பாய் போட இடம் இருந்தாக் காணும். பிள்ளை என்ட வயித்துக்கு மேல படுப்பாள்.

நீங்க பிந்தி வந்த ஒவ்வொரு ராவும் தங்கூசி இழுபடுற சத்தம் எனக்குக் கேட்டது. வாப்பா பக்கத்து அறையில இருமிக்கொண்டு கிடந்தவர். ஒரு நாளாவது காட்டிக் குடுத்தனானா?

மாதுளைப் பழத்தை நீங்களே தின்னுங்க.

றுமானா


மூதூர்
22.06.2024

அன்பு மதினி றுமானாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். பெருநாள் எல்லாம் நல்லா முடிஞ்சுதா? பிள்ளைக்கு உடுப்புத் தைச்சாச்சா? நான் ஸஹ்ரா எழுதுறன். எனக்குக் கார் விசயம் ஒண்டும் தெரியாது. குசினிக் கதைதான் தெரியும்.

இறைச்சியை வினாகிரியில ஊற வச்சுப் பாருங்க, பஞ்சு மாதிரி அவியும். கறுவா, ஏலம் கடைசியில. இறைச்சி வேகாட்டிப் பப்பாக்காய்த் துண்டு ஒண்டு போடலாம். உள்ளி தோலோட போட்டாலும் குத்தமில்லை.

உங்கட நானா பெருநாள் இறைச்சியைக் கூடத் தொடல்ல. என்னடா இது எண்டு நெருக்கிக் கேட்டன். எல்லாத்தையும் சொல்லிப்போட்டுச் சின்னப்பிள்ளை மாதிரி அழுதார். நான் போட்ட ஏச்சு மூதூர் முழுக்கக் கேட்டிருக்கும். மதினி, அவர் கெட்டவர் இல்லை. பயந்தவர். நீங்க வந்தா நாங்க எங்க போறது எண்ட பயம், அதை உங்களுக்குச் சொல்ல வெக்கம். எனக்கும் உள்ளுக்குள்ள அந்தப் பயம் இருந்ததுதான், மறைக்க மாட்டன். ஆனா பூட்டி வச்ச ஒரு பொம்பிளட வீட்டில நான் உலை வச்சா அந்தச் சோறு எனக்குச் செமிக்குமா?

கிண்ணியா வீட்டுக்குக் கூரை இல்லாட்டி என்ன, தகரம் போட்டுக்கொண்டு இருப்பம். என்ட வீட்டுக்கு நான் போறன். அவர் மாப்பிளையா என்னோட வரட்டும். நாங்க எல்லாரும் அங்க வந்து நிண்டு சத்தம் போட்டா, ஸஜ்ஜாத் மச்சான் நாளைக்கே உங்களைக் கொழும்புக்குக் கொண்டு போயிடுவார். நீங்களா வெளிய வாறதுதான் நல்லது. அதுக்கு நானா ஒரு வழி பாக்கிறார். போகக்குள்ள வீட்டு முன்கதவைப் பூட்டிட்டுப் போவம். குசினிக் கதவு உங்களுக்குத் தெரியும்தானே.

வட்டிலப்பத்துக்குக் கித்துள் பாணிதான் நல்லது, சீனி போட வேணாம்.

உங்கட மச்சி ஸஹ்ரா


கிண்ணியா
14.07.2024

அன்புத் தங்கச்சிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். காய்ச்சல் எப்படி? நேத்து நான் டோர் போட்டைக் காரில மாட்டிப் பூட்ட வந்த நேரம் உனக்குக் காய்ச்சல், எழும்ப ஏலாதெண்டு மாமி சொன்னா. தேத்தண்ணியும் அவதான் தந்தா. யன்னலுக்குள்ளால பிள்ளை கை காட்டினாள்.

வேலை திருப்தி எண்டு மச்சான் சொன்னவர். மூண்டு கதவும் அவர் பக்கத்தில நிண்டு பாக்கப் பாக்கத்தான் பூட்டினது. அஸருக்குப் பாங்கு சொன்ன உடனே பள்ளிக்கு வெளிக்கிட்டு என்னையும் கூப்பிட்டவர். ஒட்டின கம் பிடிச்சுக்கொண்டு வருது, கை எடுக்க ஏலாது, நீங்க போங்க எண்டன். இடப்பக்க முன்கதவை அந்த நேரத்தில முடிச்சனான். அச்சில உள்ளபடி மட்டமா வந்திருக்கு, ஓட்டை ஒண்டும் இல்லை. எனக்குத்தான் அஸர் பிந்திட்டுது. அல்லாஹ் மன்னிப்பான்.

குசினிக் கதை. பாணை நீராவியில வச்சு எடுத்தா முதல் நாள் பாணும் மெதுவாகும். சம்பலுக்கு மாசி இடிச்சுப் போடு. பிள்ளைக்கு விசுக்கோத்து வைக்க உன்ட பக்கக் கதவில கீழ ஒரு பொக்கட் தைச்சிருக்கு, பாத்திருப்பாய். மச்சானும் நல்ல யோசினை எண்டவர். அடிமட்டும் கையை விட்டுத் துழாவு. தையலுக்குள்ளால உம்மாட சாமான் போல ஒண்டு விரலில தட்டுப்படும். பிடி கழட்டினாலும் பூட்டுக்குள்ள இருக்கிற இரும்பு நாக்கைக் கழட்டல்ல, அதில முடிஞ்சிருக்கன். மெதுவா இழுத்தா வராது. பலமா ஒரே இழுவை. நான் நாலைஞ்சு தரம் இழுத்துப் பாத்திட்டுத்தான் வந்தனான்.

நாங்க புதன்கிழமை கிண்ணியாவுக்கு மாறிட்டம். சட்டிபானை எல்லாம் ஏத்தியாச்சு. உன்ட வீடு கூட்டிக் கழுவிக் கிடக்கு.

பிந்தினதுக்கு மன்னிச்சுக்கொள், புள்ள.
நானா


ஓர்ஸ் ஹில்
28.07.2024

றுவைஸ் அவர்களுக்கு,

ஸலாம். நலம் விசாரிக்கும் மனநிலையில் நான் இல்லை.

நீங்கள் செய்த வேலையில் பாரிய பிழை இருக்கிறது. வியாழக்கிழமை நான் சந்தையில் மீன் வாங்கிக்கொண்டு வந்து பார்த்தபோது, என் பக்கக் கதவு பூட்டியபடியே இருந்தது. இடப்பக்கக் கதவு அகலத் திறந்து கிடந்தது. வீதியில் போகிறவர்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டு போனார்கள். பொக்கட்டுக்குள் ஒரு தங்கூசி தொங்கியது. இழுத்துப் பார்த்தேன். கதவு உள்ளேயிருந்து திறக்கிறது.

மொறிஸ் மைனரின் மதிப்பே அதன் ஒழுங்கில்தான் இருக்கிறது. மீனவன் வலை கட்டும் நூலை அதற்குள் வைத்துத் தைப்பது என்ன வேலை? இதை உடனடியாகக் கழற்றிச் சரிசெய்து தரவேண்டும். அத்துடன் மூதூரில் இருப்பதாகக் கேள்விப்படும் என் மனைவியையும் பிள்ளையையும் அனுப்பிவைக்கவும். மீன் அன்றைக்கு முழுவதும் காருக்குள் கிடந்து நாறிவிட்டது.

ஸஜ்ஜாத்


மூதூர்
04.08.2024

அன்பான நானாவுக்கும் ஸஹ்ரா மச்சிக்கும்,

அஸ்ஸலாமு அலைக்கும். நாங்க ரெண்டு பேரும் சுகம். பழக்கத்துக்கு எழுதல்ல, உண்மையாவே சுகம். கிண்ணியாத் தகரத்துக்குக் கீழ நீங்க வேகுறீங்க எண்டதுதான் கவலை. மழைக்கு முந்திக் கூரை முடியாட்டி எல்லாரும் இஞ்ச வந்திடுங்க. ஒரு பாய்க்கு இடம் இருக்கு!

மச்சி போன் வாங்கித் தாறன் எண்டு சொல்லி அனுப்பினா. வாங்கித் தாங்க. அதுக்கு முந்தி இந்த ஒரு கடிதம். ஆரும் பிரிச்சுப் பாக்காத கடிதம் எழுதி எவ்வளவு காலம்! இதில குசினிக் கதை ஒண்டும் இல்லை.

நானா, உங்கட கடிதம் கிடைச்ச முதல் வியாழனே நான் இழுக்கல்ல. பொக்கட்டுக்குள்ள கையை விட்டு, தங்கூசியை விரலில சுத்திக்கொண்டு அப்படியே இருந்தன். "மூதூர், மூதூர்" எண்டு அவன் கத்துறான், எனக்குக் கை வருதில்லை. போன தரம் போல பிடிபட்டா எண்ட பயம். அவர் மீனோட வந்திட்டார். அந்தக் கிழமை முழுக்க என்னை நானே ஏசிக்கொண்டு திரிஞ்சன். அடுத்த வியாழன் பிள்ளை கேட்டாள், "உம்மா, இந்த பஸ் எங்க போகுது?" எண்டு. நம்மட வீட்ட எண்டன். "அப்ப ஏன் நாங்க போறல்ல?" எண்டாள். இழுத்திட்டன். நீங்க சொன்ன மாதிரி, பலமா, ஒரே இழுவை. ரெண்டு காலும் பஸ்ஸுக்குள்ள. கையில ஒண்டும் இல்லை. கொண்டக்டர் பிள்ளையப் பாத்திட்டு, காசும் கேக்காம முன் சீட்டைக் காட்டினார்.

பள்ளியில விளக்கத்துக்குக் கூப்பிட்டிருக்காங்க. அவரும் வருவார். நானும் போவன், நீங்க ரெண்டு பேரும் பக்கத்தில இருந்தாக் காணும். நம்மட வழக்கத்தில மாப்பிளதான் பொம்பிள வீட்ட வாறது, கதைக்க வேணுமெண்டா இஞ்ச வந்து வாசல்ல நிண்டு ஸலாம் சொல்லட்டும் எண்டு சொல்லப் போறன். திறக்கிறதா இல்லையா எண்டு அப்ப பாப்பம். பயம் இருக்குத்தான். அதுக்காகத் திரும்பிப் போக மாட்டன்.

ஒண்டை மட்டும் நினைச்சா அழுகை வருது. வந்த நாள் தொடக்கம் ஸல்ஹா ஒரு கதவையும் தொடுறாள் இல்லை. சும்மா சாத்தியிருந்தாலும் முன்னால போய், கையைக் கட்டிக்கொண்டு, ஆராவது வந்து திறக்கும் வரைக்கும் பேசாம நிக்கிறாள். ஒண்டுக்கு வந்தாலும் அப்படியே நிக்கிறாள். நேத்து நான் அவளைத் தூக்கிக்கொண்டு போய், தண்ணித் தாங்கிக்குப் பின்னால கிடக்கிற தங்கூசியைக் கையில குடுத்து, இழு மகள் எண்டன். கொளுக்கி தூக்குப்பட்டுக் கதவு திறந்ததும் என்ட முகத்தைப் பாத்தாள், ஏச்சு விழுமோ எண்டு. நான் சிரிச்சன். அவளும் சிரிச்சாள்.

விடிஞ்சதில இருந்து திறக்கிறதும் சாத்துறதும்தான் வேலை. இதை எழுதக்குள்ளயும் டமார் டமார் எண்டு அடிக்குது, காது குடுக்க ஏலாது. கொளுக்கி கழண்டு விழப்போகுது. வாறபோது நல்ல பலமான ஒண்டு வாங்கிக்கொண்டு வாங்க, நானா.

றுமானா